218 கையொப்பங்கள்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, இந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, மாகாணப் பிரதமரானவுடன் தமக்கு நன்கு தெரிந்த மாவட்டத்திலேயே அச்சோதனையைத் தொடங்கினார். கள்ளுக்கடை ஏலத்தில் வந்த வருமானம் நின்றுபோனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. இதுபற்றிச் சென்ற மாதம் படித்துக்கொண்டிருந்தபோது, சேலம் மதுவிலக்கைத் தொடங்குவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முன்பு, 1933 டிசம்பர் 5 அன்று, அமெரிக்கா தன் மதுவிலக்கைக் கைவிட்ட செய்தி குறுக்கிட்டது. அங்கே அவ்விலக்கை நீக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் அவையில் தொடக்கத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தவர்களில் ஒரு பெண்மணியும் இருந்தார். அவர் பெயர் மேரி தெரசா நார்ட்டன்.

மதுவிலக்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த அம்மையாரின் வரலாற்றைத் தொடர்ந்து படித்ததில் மதுவிலக்கு எங்கோ பின்னால் போய்விட்டது. காரணம் என் பழைய தொழில். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பழம் பறித்தார், எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், சனிக்கிழமை கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் செக்ரோல் என்னும் கூலிப் பேரேட்டில் ஏற்றி ஏற்றியே தலை நரைத்தது. அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் நாடு முழுவதற்குமான சட்டமாக அவையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் நார்ட்டன் என்று தெரிந்தவுடன், அச்சட்டத்தின் எண்களைத்தான் முதலில் தேடினேன். அவை என்னை விட்டபாடில்லை.

அவர் 1875 மார்ச் 7 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். வணிகக் கல்லூரியில் படித்துவிட்டு, சுருக்கெழுத்தும் செயலர் பணியுமாகச் சில ஆண்டுகள் கழித்து, 1909-இல் ராபர்ட் நார்ட்டன் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்த ஒரே குழந்தை ஒரு வாரத்தில் இறந்தது. இனிக் குழந்தை பிறக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அத்துயரத்திலிருந்து அவரை வெளியே அழைத்து வந்தது, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதற்காகப் பங்குக் கோவிலின் ஆதரவில் நடந்த ஒரு காப்பகம். முதலில் அதற்குச் செயலரானார். 1916-இலிருந்து 1927 வரை தலைவராக இருந்தார். சமயப் பேதம் பார்க்காமல் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட இடம் அது.

காப்பகத்துக்குப் பணம் கேட்டு நகர மேயரிடம் போனதுதான் அவருடைய அரசியலின் தொடக்கம். அந்த மேயர் ஃபிராங்க் ஹேக். 1917-இலிருந்து முப்பது ஆண்டுகள் ஜெர்சி சிட்டியைத் தம் பிடியில் வைத்திருந்தவர். வேலை, ஒப்பந்தம், வாக்கு எல்லாம் அவர் வழியாகத்தான் போயின. நம் ஊரில் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தவுடன், பெண் வாக்காளர்களைக் கட்சிக்குள் திரட்ட ஒருவர் வேண்டும் என்று ஹேக் தேடினார். தம்மிடம் நன்கொடை கேட்டு வந்து போன இந்தக் காப்பகத்துத் தலைவியே அவர் கண்ணில் பட்டார். அரசியல் எனக்குத் தெரியாது என்று தயங்கியவர், 1923-இல் மாவட்ட நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு மருத்துவமனை ஒன்று மாவட்டச் செலவில் கட்டப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். அது கட்டப்பட்டு 1931-இல் திறக்கப்பட்டபோது மேயரின் தாயார் பெயரைத் தாங்கி நின்றது. இதற்கும் நம் ஊரில் விளக்கம் தேவையில்லை.

1924 தேர்தலில் வென்று, 1925-இல் அவர் வாஷிங்டனுக்குப் போனபோது வயது ஐம்பது. அக்காலத்தில் அவைக்கு வந்த பெண்கள் பலர், கணவர் இறந்ததால் காலியான இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்து அவ்வாறன்றித் தேர்வான முதல் பெண் நார்ட்டன். பதின்மூன்று முறை தொடர்ந்து வென்று, 1951 ஜனவரி வரை அங்கே இருந்தார். பெண் என்பதால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்ட ஓர் உறுப்பினரிடம், நான் சீமாட்டி அல்லள், அவையின் உறுப்பினர், அந்த முறையிலேயே நடந்துகொள்வேன் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1933-இல் அந்நாட்டுத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்தப் பெருமந்தத்தின் நடுவில், 1931 டிசம்பரில், தலைநகர் வாஷிங்டனின் விவகாரங்களைக் கவனிக்கும் அவைக் குழுவுக்கு நார்ட்டன் தலைவரானார். அந்நகர மக்களுக்கு அப்போது தங்கள் நகராட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. சாக்கடையிலிருந்து காவல்துறை வரை எல்லாம் இக்குழுவின் மேசைக்கு வரும். எனவே பத்திரிகைகள் அவரை வாஷிங்டனின் மேயர் என்றே எழுதின. காசநோய் மருத்துவமனைக்குப் பணம் பெற்றார், முதியோர் ஓய்வூதிய மசோதாவை முன்னெடுத்தார், குடிசைப் பகுதிகளின் நிலையைக் கவனித்தார். நகருக்குத் தன்னாட்சி பெற்றுத் தர முயன்றது மட்டும் நிறைவேறவில்லை. ஒரு பெண் தன்னை ஆள்வது இதுவே முதல்முறை என்று குழுவில் ஓர் ஆண் உறுப்பினர் சொல்ல, ஆண்கள் நிறைந்த அவையை நடத்தும் பேறு எனக்கும் இதுவே முதல்முறை, அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் பதில் சொன்னார்.

இவையெல்லாம் முன்னுரைதான். 1937 ஜூன் மாதம் தொழிலாளர் குழுவின் தலைவர் வில்லியம் கானரி திடீரென்று இறந்தார். மூப்பின்படி அடுத்த இடத்தில் இருந்த நார்ட்டன், வாஷிங்டன் குழுவை விட்டுவிட்டு, 62-ஆம் வயதில் அப்பொறுப்பை ஏற்றார். அப்போது அவர் கைக்கு வந்த மசோதா, நியாயமான தொழில் தரங்கள் பற்றியது: ஒரு மணி நேரத்துக்கு இதற்குக் குறைந்து கூலி தரக்கூடாது, வாரத்துக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு தர வேண்டும், குழந்தைகளைத் தொழிலில் வைக்கக்கூடாது என்பவையே அதன் சாரம். இப்படிப்பட்ட சட்டங்கள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளாகத் தள்ளி வந்தது. 1936-இல்கூட நியூயார்க் மாநிலம் பெண்களுக்காக இயற்றிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லாது என்றது. 1937 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்து விடுதிப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் அந்நீதிமன்றம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், அந்த நாளுக்காகவே ஒரு வரைவைத் தம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

மேலவை ஜூலை இறுதியில் மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. கீழவையில் அது விதிகள் குழுவில் மாட்டிக்கொண்டது. எந்த மசோதா எப்போது அவைக்கு வரும் என்பதை அக்குழுதான் முடிவு செய்யும். குழு அசையாவிட்டால் மசோதா விவாதத்துக்கே வராமல் செத்துப்போகும். மலிவான கூலியே தங்கள் மாநிலங்களின் பலம் என்று எண்ணிய தென் மாநில உறுப்பினர்களும், எதிர்க்கட்சியினரும் சேர்ந்து கதவை மூடினார்கள். தொழிற்சங்கங்களும் ஒருமித்து ஆதரிக்கவில்லை. சட்டம் வைக்கும் குறைந்தபட்சமே நாளடைவில் அதிகபட்சம் ஆகிவிடும் என்று பழைய சங்கக் கூட்டமைப்பு அஞ்சியது. அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அரசு ஆணையிட்ட கூலிக்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றிக் கொடுத்த எஸ்டேட்டை என் காலத்தில் நான் பார்த்ததில்லை.

மூடிய கதவைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது. 435 உறுப்பினர்கள் கொண்ட அவையில் 218 பேர் கையொப்பமிட்டால், மசோதாவைக் குழுவின் பிடியிலிருந்து விடுவித்து நேரே அவைக்குக் கொண்டுவரலாம். நார்ட்டன் ஒவ்வொருவராகப் பிடித்துக் கையொப்பம் கேட்டார். 1937 டிசம்பர் தொடக்கத்தில் 218 நிரம்பியது. மசோதா அவைக்கு வந்தது. திருத்தத்தின்மேல் திருத்தமாக அதைக் கந்தலாக்கிவிட்டு, டிசம்பர் 17 அன்று 216-க்கு 198 என்ற வாக்கில் மீண்டும் தொழிலாளர் குழுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையொப்பமிட்டவர்களில் குறைந்தது இருபது பேராவது வாக்கெடுப்பில் மசோதாவின் பக்கம் நிற்கவில்லை என்பது 218, 198 என்ற இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும்.

பெரும்பாலோர் அத்துடன் விட்டிருப்பார்கள். நார்ட்டன் குழுவைக் கூட்டி, ஜார்ஜியாவைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் தலைமையில் துணைக்குழு அமைத்து, மசோதாவைச் சுருக்கி எளிமையாக்கிப் புதிதாக எழுத வைத்தார். 1938 ஏப்ரல் இறுதியில் விதிகள் குழு அதையும் மறுத்தது. ஆனால் மே முதல் வாரத்தில் புளோரிடாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில், கூலிச் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்த மேலவை உறுப்பினர் கிளாட் பெப்பர் பெரும் வெற்றி பெற்றார். தெற்கிலேயே மக்கள் இதை விரும்புகிறார்கள் என்று தெரிந்தவுடன் நிலைமை மாறிவிட்டது. மே 6 அன்று இரண்டாவது மனு மேசையில் வைக்கப்பட்டது. 2 மணி 20 நிமிடத்தில் 218 கையொப்பங்களும் விழுந்தன. உறுப்பினர்கள் வரிசையில் நின்று கையொப்பமிட்டார்கள். மே 24 அன்று 314-க்கு 97 என்று நிறைவேறி, ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்டார்.

சட்டத்தின் எண்கள் இவை. முதல் ஆண்டில் மணிக்கு 25 சென்ட், வாரத்துக்கு 44 மணி நேரம். கூலி படிப்படியாக 40 சென்டுக்கு ஏறும், நேரம் 40 மணிக்கு இறங்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு வாரத்துக்குச் சரியாக 11 டாலர். ஒப்பமிடுவதற்கு முந்தைய இரவு வானொலியில் பேசிய ரூஸ்வெல்ட், வாரத்துக்கு 11 டாலர் கொடுத்தால் அமெரிக்கத் தொழிலே அழிந்துவிடும் என்று நாளொன்றுக்கு 1,000 டாலர் வருமானமுள்ள நிர்வாகி யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றார். பதினாறு வயதுக்கு உட்பட்டோரைத் தொழிற்கூடங்களிலும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான பணிகளிலும் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. 1941-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இச்சட்டம் செல்லும் என்றது.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது வெறும் வாழ்த்துப்பா ஆகிவிடும்.

முதலாவது, அவருடைய புரவலர். நார்ட்டன் வாஷிங்டனில் தொழிலாளர் மசோதாவுக்குக் கையொப்பம் திரட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஜெர்சி சிட்டியில் ஹேக்கின் காவலர்கள் தொழிற்சங்கம் கட்ட வந்தவர்களைப் பிடித்து நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நடத்த அனுமதி மறுத்தார்கள், துண்டறிக்கைகளைப் பறித்தார்கள். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1939-இல் மேயர் தோற்றார். நார்ட்டன் அவரை விட்டு விலகவில்லை. நன்றி மறவாமை என்று இதைச் சொல்லலாம், அரசியல் கணக்கு என்றும் சொல்லலாம். ஹேக்கின் வாக்குகள் இல்லையென்றால் அவர் அவையில் இல்லை. அவர் அவையில் இல்லையென்றால் மே 6 இல்லை. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் மனத்துக்கு ஒப்பவில்லை என்பதே என் நிலை.

இரண்டாவது, சட்டம் யாரை விட்டுவிட்டது என்பது. வயல் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தாது. தெற்கில் இவ்விரண்டு வேலைகளையும் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பின மக்கள். தென் மாநில வாக்குகளுக்காகக் கொடுக்கப்பட்ட விலை அது. வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் தொடங்கியவர் கொண்டுவந்த சட்டம், ஊரார் வீட்டுப் பிள்ளைகளையும் சமையலறைகளையும் பார்த்துக்கொண்ட பெண்களை வாசலிலேயே நிறுத்தியது. பண்ணைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் 1966-இல் உள்ளே வந்தார்கள். வீட்டுப் பணியாளர்கள் வர 1974 ஆயிற்று. நார்ட்டன் பிற்காலத்தில் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நிரந்தர ஆணையம் வேண்டுமென்று அவையில் போராடினார் என்பதும், பெண்களுக்குச் சம ஊதியம் கேட்டார் என்பதும் உண்மை. ஆயினும் 1938-இன் அந்த வாசல் அவர் கையெழுத்தோடுதான் அடைக்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டம் ஒருபடி மேல் என்று எழுத எனக்கு ஆசை வந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் அட்டவணையிலேயே விவசாயத்தைச் சேர்த்துக்கொண்டது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், நார்ட்டன் தொடங்கிய இடத்துக்கே வந்து, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய், 1932-இல் வாக்குரிமைக் குழுவிலும் உட்கார்ந்த ராதாபாய் சுப்பராயன், அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள். அவர் போன்றோர் வாதாடி வாங்கிய வாக்குரிமையின் தொடர்ச்சியாகவே இச்சட்டங்கள் வந்தன என்றும் பெருமையாக முடித்திருக்கலாம். ஆனால் நாகலூர் சாலையில் இருந்த எங்கள் எஸ்டேட்டில் 1979-ஆம் ஆண்டு பறிப்புக் காலத்தில் நடந்தது எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு நல்ல விளைச்சல். நவம்பரிலேயே பழம் சிவந்துவிட்டது. மலைக் கிராமங்களிலிருந்தும் கீழே சேலத்துப் பக்கத்திலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். செக்ரோலில் பெயர் ஏற்றியபோது 57 வந்தது. மேலாளர் கூப்பிட்டு, ஐம்பதைத் தாண்டினால் காப்பகம் கட்ட வேண்டும், ஆயா போட வேண்டும், பால் வாங்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார். பிறகு, பதினொரு பேரை, ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவரும் மேஸ்திரியின் கணக்கில் காட்டு என்றார். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. நான் மறுக்கவில்லை. பதினொரு பெயர்களைப் பேரேட்டிலிருந்து எடுத்து, ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தேன். பேரேட்டில் 46 பேர் இருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர் 46 என்று குறித்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு மலை இறங்கினார்.

கைக்குழந்தைக்காரிகள் நிழல் மரக்கிளையில் பழைய சேலையால் தூளி கட்டிவிட்டு, அது கண்ணில் படும் தூரத்திலேயே பறித்தார்கள். நல்ல பழம் தூரத்து வரிசையில் இருந்தாலும் போக மாட்டார்கள். எடைக்குத்தான் கூலி என்பதால் சனிக்கிழமை அவர்கள் கைக்கு வந்தது குறைவு. ஏன் குறைகிறது என்று அவர்கள் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

1981-இல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்களையும் சேர்த்தே ஐம்பது என்று எண்ண வேண்டும், பெண்கள் ஐம்பதுக்குக் குறைந்தாலும் குழந்தைகள் இருபது இருந்தால் காப்பகம் வேண்டும் என்று புதிதாக எழுதினார்கள். எங்கள் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். மலை முழுவதும் அதே சீட்டு இருந்திருக்கும் என்பதுதான் அதன் பொருள்.

நார்ட்டன் 1947-இல் தொழிலாளர் குழுவை விட்டு விலகினார். எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்று, ஃபிரெட் ஹார்ட்லி என்பவர் தலைவரானபோது, பத்தாண்டுகளில் விரல்விட்டு எண்ணும் கூட்டங்களுக்கே வந்த ஒருவரின்கீழ் தாம் பணியாற்ற முடியாது என்றார். வருகைப் பதிவேடு வைத்திருந்தவர் பேசும் பேச்சு அது. அதைப் படித்தபோது எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. 1951-இல் 75-ஆம் வயதில் அவையிலிருந்து ஓய்வு பெற்று, 1959 ஆகஸ்ட் 2 அன்று காலமானார். பிறந்த ஊரான ஜெர்சி சிட்டியிலேயே அடக்கம் செய்தார்கள்.

மே 6 அன்று விழுந்த 218 கையொப்பங்களும் யார் யாருடையவை என்று அந்நாட்டு அவைப் பதிவில் இருக்கின்றன. எங்கள் எஸ்டேட்டின் அந்த ஆண்டுப் பேரேடும் எங்காவது ஒரு பரணில் இருக்கலாம். அதில் 46 பெயர்கள் இருக்கும். துண்டுச்சீட்டில் நான் எழுதிய பதினொன்றில் நான்கு பெயர்கள்தான் இப்போது நினைவுக்கு வருகின்றன. மற்ற ஏழு பெயர்களைச் சென்ற வாரம் முழுவதும் நினைவுபடுத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.